தொடங்கவும் நிறுத்தவும் உங்களால் முடிய வேண்டும்

பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளோடு 27 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். மூத்த பிள்ளைக்கு இன்னும் இரண்டு வயது நிறையவில்லை. இளையவளுக்கு ஏழு மாதம். இரண்டாவது பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல், ரத்தம் ஏற்றித்தான் பிழைத்திருக்கிறார். இப்போதும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்கிறார். கணவருக்கு வெளியூரில் வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து சில நாள் தங்குவார். ஐந்து வாரத்துக்கு முன்பு போனவர், இன்னும் மூன்று வாரத்தில் திரும்பி வருவார்.

"ஆணுறை என்ற பேச்சை எடுத்தாலே கோபம் வருகிறது. 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பார். கருத்தடை மாத்திரை வாங்கி வைத்திருந்தேன். கண்ணில் பட்டதும் தூக்கி எறிந்தார், கையும் ஓங்கினார். பக்கத்து கிளினிக்கில் ஊசி கேட்டேன். கணவரின் கையெழுத்து வேண்டும் என்றார் நர்ஸ். அடுத்த முறை போனபோது ஸ்டாக் இல்லை என்றார். பால் நன்றாக இருக்கிறது, மாதவிலக்கும் வரவில்லை, அதனால் பயமில்லை என்கிறார் மாமியார். ஊசி போட்டால் கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிடும், பிறகு பிள்ளையே பிறக்காது என்கிறார்கள். நாமே போட்டுக்கொள்ளும் ஊசி இருக்கிறது என்று தோழி சொல்கிறாள். மூன்று வருடத்துக்காவது எனக்குக் குழந்தை வேண்டாம், டாக்டர். அவருக்குத் தெரியாமல் செய்தால் அது துரோகமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். துரோகம் இல்லை. போன பிரசவத்தில் உயிர் போய்த் திரும்பியது உங்களுக்கு. அடுத்த கர்ப்பத்தைத் தாங்க வேண்டியதும் உங்கள் உடம்பு. அதைக் காத்துக்கொள்ள நினைப்பதில் யாரையும் ஏமாற்றுவது எங்கே இருக்கிறது? ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவில் குறைந்தது 24 மாத இடைவெளி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் அது கிடைக்கவில்லை. நீங்கள் கேட்கும் மூன்று வருடம் பிடிவாதமும் இல்லை, சுயநலமும் இல்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். மாத்திரையைத் தூக்கி எறிவதும் கை ஓங்குவதும் வெறும் கோபம் இல்லை. பெண்ணின் விருப்பத்துக்கு மாறாக அவளைக் கர்ப்பத்துக்குள் தள்ளுவதை மருத்துவ உலகம் வன்முறையில்தான் சேர்த்திருக்கிறது. ஆகவே எந்த முறை சிறந்தது என்று பார்ப்பதோடு, தெரிந்துவிட்டால் உங்களுக்கு என்ன ஆகும் என்பதையும் கணக்கில் வைத்தே எழுதுகிறேன்.

மாமியார் சொல்வதில் பாதிதான் சரி

தாய்ப்பால் கருத்தடையாக வேலை செய்வது உண்மைதான். ஆனால் அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக் கூடாது, மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது, இரவும் பகலும் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுத்திருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால் நூறு பேரில் 98 பேருக்குப் பாதுகாப்பு கிடைக்கும். உங்கள் மகளுக்கு ஏழு மாதம், வேறு ஆகாரமும் தொடங்கியிருப்பீர்கள். அந்தக் காவல் முடிந்துவிட்டது. மாதவிலக்கு வராதது தைரியம் தரும் விஷயமும் இல்லை. முதல் மாதவிலக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வெளிவரலாம். 'இன்னும் தீட்டே வரவில்லையே' என்று சொல்லிக்கொண்டே நான்கு மாதக் கர்ப்பத்தோடு வரும் பெண்களை மகப்பேறு மருத்துவர்கள் எல்லோரும் பார்த்திருப்போம்.

'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று உங்கள் கணவர் சொல்வது விந்தை வெளியே விடுவதைத்தான் என்று நினைக்கிறேன். அதை மட்டும் நம்பியிருக்கும் நூறு தம்பதிகளில் சுமார் 20 பேருக்கு ஒரு வருடத்துக்குள் கரு தங்கிவிடுகிறது. உங்கள் உடல்நிலைக்கு அது மிகப் பெரிய ஆபத்து.

அதனால் முதல் வேலை, சிறுநீரில் ஒரு கர்ப்பப் பரிசோதனை. அவர் போய் ஐந்து வாரம் ஆகிவிட்டதால் இப்போது வரும் முடிவை நம்பலாம். இரண்டாவது, ரத்தப் பரிசோதனையும் ரத்த அழுத்தமும். பிரசவம் ஆகி ஏழு மாதத்துக்குப் பிறகும் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால் ரத்தசோகை என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. பிரசவத்தை ஒட்டி இதயத் தசை பலவீனமாவதும் உண்டு. டாக்டரிடம் இதைத் தனியாகச் சொல்லி, இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கருத்தடை உங்களுக்குப் பொருந்தும் என்பதும் இந்த முடிவைப் பொறுத்தது.

அந்தக் கையெழுத்து

பிள்ளை எத்தனை, எவ்வளவு இடைவெளியில் என்று முடிவு செய்வதில் பெண்ணுக்கும் ஆணுக்கும் சம உரிமை உண்டு என்கிறது 1979-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் உடன்படிக்கையின் 16-வது பிரிவு. உலக நாடுகளில் ஏறக்குறைய எல்லாமே அதில் சேர்ந்திருக்கின்றன. கணவரின் அனுமதி இல்லாமலே பெண்கள் கருத்தடைச் சேவை பெற வழி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-ல் தெளிவாகவே பரிந்துரைத்தது. மாத்திரை, ஊசி போன்ற தற்காலிக முறைகளுக்குக் கணவரின் கையெழுத்து கேட்பது பல இடங்களில் சட்டத்தில் இல்லாத வெறும் வழக்கம். நாளைக்கு யாராவது வந்து சண்டை போட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் ஊழியர்கள் தாங்களாகவே போட்டுக்கொண்ட வேலி அது. நிரந்தர அறுவை சிகிச்சைக்குச் சில நாடுகளில் தனி நிபந்தனைகள் உண்டு. நீங்கள் கேட்பது அது இல்லையே.

அடுத்த முறை போகும்போது, "இந்தக் கையெழுத்து எந்த விதியில் இருக்கிறது? எழுத்தில் காட்ட முடியுமா?" என்று நிதானமாகக் கேளுங்கள். பெரும்பாலும் காட்ட ஒன்றும் இருக்காது. அப்போதும் மறுத்தால் பொறுப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். உங்களை யாருக்கும் தெரியாத வேறு கிளினிக்குக்குப் போவது இதைவிட நல்லது. ரகசியமும் காப்பாற்றப்படும்.

ஊசியைப் பற்றி

உங்கள் தோழி சொன்னது சரி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தசையில் போடும் மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் ஊசி பல பத்தாண்டுகளாக உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. அதே மருந்தைக் குறைந்த அளவில், தோலுக்கு அடியில் போடும் விதமாகவும் தயாரித்திருக்கிறார்கள். சயனா பிரஸ் என்ற பெயரில் கிடைக்கிறது. உள்ளங்கைக்குள் மறைந்துவிடும் சின்ன பிளாஸ்டிக் குமிழி, அதன் முனையில் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத ஊசி. மருந்தை அளந்து எடுக்க வேண்டாம், குமிழியிலேயே நிரப்பி வரும். கையைக் கழுவிவிட்டு அரை நிமிடம் நன்றாகக் குலுக்க வேண்டும். மூடியைக் குமிழிப் பக்கமாக இடைவெளி இல்லாதபடி அழுத்தினால் உள்ளே இருக்கும் அடைப்பு திறந்துகொள்ளும். பிறகு மூடியைக் கழற்றி, வயிற்றிலோ தொடையின் முன்பக்கத்திலோ தோலைக் கிள்ளிப் பிடித்து, ஊசி கீழ்நோக்கி இருக்கும்படி குத்தி, குமிழியை மெதுவாக ஐந்து ஏழு விநாடி அழுத்த வேண்டும். முதல் தடவை நர்ஸ் பக்கத்தில் இருக்கும்போது நீங்களே போட்டுப் பழகிக்கொள்ளலாம். குளிர்சாதனப் பெட்டியும் தேவையில்லை.

இதைப் பெண்கள் தாங்களாகவே போட்டுக்கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் பரிந்துரைத்தது. அதற்கு வலுச் சேர்த்த ஆய்வுகளில் ஒன்று மலாவி நாட்டில் நடந்தது. ஒரு பிரிவுப் பெண்களுக்குப் போடக் கற்றுக்கொடுத்து, அடுத்த ஊசிகளையும் வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள். மற்றப் பிரிவினர் ஒவ்வொரு முறையும் சுகாதார ஊழியரிடம் வந்து போட்டுக்கொண்டார்கள். ஒரு வருட முடிவில் தாங்களே போட்டுக்கொண்டவர்களில் 73 சதவீதம் பேர் விடாமல் தொடர்ந்தார்கள். ஊழியரிடம் வந்தவர்களில் 45 சதவீதம் பேர்தான். இரு பிரிவுக்கும் மருந்து ஒன்றுதான். நடையும் காத்திருப்பும் பிறர் கேள்விக்குப் பதில் சொல்வதும்தான் பெண்களை எவ்வளவு தடுக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இப்போது உங்கள் பயங்களுக்கு வருகிறேன். கெட்ட ரத்தம் எதுவும் உள்ளே தேங்குவதில்லை. இந்த மருந்து கருப்பையின் உள்பூச்சைத் தடிமனாக வளரவே விடாது. உதிர வேண்டியது இல்லாததால் மாதவிலக்கு குறைகிறது, ஒரு வருடத்துக்குள் பாதிப் பேருக்கு நின்றும்விடுகிறது. ரத்தம் குறைந்திருந்தால் உங்களுக்கு அது நன்மையாகவே முடியலாம். இது மலடாக்காது. ஆனால் கரு தங்கும் தன்மை திரும்ப மற்ற முறைகளைவிட அதிக நாள் பிடிக்கும். கடைசி ஊசியிலிருந்து சராசரியாக ஒன்பது, பத்து மாதம். நிறுத்திய அடுத்த மாதமே குழந்தையை எதிர்பார்த்து ஏமாந்தவர்களால் கிளம்பிய பேச்சுதான் உங்கள் காதுக்கு வந்திருக்கிறது. எலும்பின் அடர்த்தி சற்றுக் குறையும், நிறுத்தியதும் மீளும். தாய்ப்பால் வற்றாது.

குறைகளும் இல்லாமல் இல்லை. முதல் சில மாதங்கள் எப்போது ரத்தம் கசியும் என்று சொல்ல முடியாது. சிலருக்கு எடை கூடும், சிலருக்கு மனம் சோரும். ஒருமுறை போட்டால் மூன்று மாதத்துக்கு மருந்தைத் திரும்ப எடுக்க வழியில்லை. ரத்த அழுத்தம் மிக அதிகமாக இருந்தால், இதய நோயோ மார்பகப் புற்றுநோயோ இருந்தால், காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருந்தால் போடக் கூடாது. பிரசவத்தில் உங்களுக்கு ஏற்பட்ட ரத்தப்போக்கு இதற்குத் தடை இல்லை.

உங்கள் கையில் என்றால் எதுவரை?

பெண்கள் தாங்களே பயன்படுத்தும் கருத்தடை வளரும் நாடுகளில் பரவ வேண்டும் என்று பேசும்போது, எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்ற எண்ணிக்கையே முன்னால் நிற்கிறது. ஒரு முறை உண்மையிலேயே பெண்ணின் கையில் இருக்கிறதா என்று பார்க்க நான் இரண்டு கேள்விகள் கேட்பேன். யாருடைய அனுமதியும் இல்லாமல் அவளால் தொடங்க முடியுமா? யாருடைய அனுமதியும் இல்லாமல் நிறுத்த முடியுமா? இரண்டாவது கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கையின் தோலுக்கடியில் வைக்கும் நார்பிளாண்ட் குச்சிகள் 1980களிலும் 90களிலும் இந்தோனேசியா, பங்களாதேஷ் போன்ற நாடுகளில் பரவலாக வைக்கப்பட்டன. எடுத்துவிடச் சொல்லி வந்த பெண்களை, காலம் முடியட்டும் என்று திருப்பியனுப்பியதை அப்போதே ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். கணவரின் பிடியிலிருந்து விலகி சுகாதாரத் துறையின் பிடிக்குள் விழுவதைச் சுதந்திரம் என்று சொல்ல முடியாது.

இந்த இரண்டு கேள்விகளையும் மனதில் வைத்து மற்ற முறைகளைப் பாருங்கள்.

மாத்திரையை நினைத்த நாளில் தொடங்கலாம், நினைத்த நாளில் விடலாம். பால் கொடுப்பவர்களுக்குப் புரோஜெஸ்டிரோன் வகை மட்டும் உள்ள மாத்திரை ஏற்றது. ஆனால் தினமும், ஏறக்குறைய ஒரே நேரத்தில் போட வேண்டும். கணவர் ஊரில் இல்லாத நாட்களில் விட்டுவிட்டு, அவர் வந்ததும் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. அதோடு அட்டை கண்ணில் பட்டால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டியில் ஹார்மோன் இல்லை. வைத்த நிமிடத்திலிருந்து வேலை செய்யும், பத்து வருடம் வரை தாங்கும், எடுத்ததும் கரு தங்கும் தன்மை திரும்பும். மாதவிலக்கு வழக்கம்போல வருவதால் வெளியே தெரிவதும் குறைவு. நூல் கணவருக்குத் தட்டுப்படும் என்ற பயம் இருந்தால், கருப்பை வாயை ஒட்டிக் கத்தரிக்கச் சொல்லலாம். ஆனால் ரத்தப்போக்கைக் கூட்டும். உங்கள் ரத்த அளவு தேறாமல் இதை நான் முதலில் சொல்ல மாட்டேன்.

இப்போதைய தோலடிக் குச்சிகள் மூன்று முதல் ஐந்து வருடம் வரை காக்கும். இருப்பதிலேயே தோல்வி மிகக் குறைந்த முறை இதுதான். ஆனால் மேல்கையைத் தொட்டால் தெரியும், எடுக்கப் பயிற்சி பெற்ற கை வேண்டும். வைத்துக்கொள்ளும் முன்பு "நான் வந்து கேட்கும் நாளில் இங்கே எடுத்துவிடுவீர்களா?" என்று கேளுங்கள். பதில் இழுபறியாக இருந்தால் அங்கே வைத்துக்கொள்ள வேண்டாம்.

பெண்ணுறை உங்கள் கையில் இருப்பதுதான், ஆனால் கணவருக்குத் தெரியாமல் பயன்படுத்த முடியாது. அதற்கு ஒரு தனிப் பெருமை உண்டு. மேலே சொன்ன எதுவும் பால்வினை நோயையோ எச்.ஐ.வி.யையோ தடுக்காது, உறைகள் தடுக்கும். உங்கள் கணவரைப் பற்றி எதையும் ஊகித்து இதை எழுதவில்லை. நீண்ட நாள் பிரிந்து வாழும் தம்பதிகள் எல்லோரிடமும் சொல்வதுதான். வருடம் ஒருமுறை பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எச்.ஐ.வி.யைத் தடுக்கப் பெண்கள் தாங்களே பெண்ணுறுப்புக்குள் வைத்துக்கொள்ளும் டாபிவிரின் என்ற மருந்து வளையத்தை உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்தது. ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் வந்துவிட்டது. அதே வளையத்தில் கருத்தடை மருந்தையும் சேர்க்கும் ஆராய்ச்சி நடக்கிறது. அது கைக்கு வரும் நாளுக்காக நான் ஆவலோடு காத்திருக்கிறேன்.

ஸ்டாக் இல்லை என்ற பதில்

இதைக் கேட்டுத் திரும்பியவர் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை. கர்ப்பம் வேண்டாம் என்று நினைத்தும் பாதுகாப்பான நவீனக் கருத்தடை இல்லாமல் இருக்கும் பெண்கள் உலகில் 25.7 கோடி பேர் என்று ஐ.நா. மக்கள் தொகை நிதியம் 2022-ல் கணக்கிட்டது. 2025-ல் அமெரிக்கா குடும்ப நல உதவியை வெட்டியபோது, ஏழை நாடுகளுக்குப் போக வேண்டிய குச்சிகளும் ஊசிகளும் மாத்திரைகளும் பெல்ஜியத்தில் கிடங்கில் முடங்கின. தொலைதூரத்தில் எடுக்கும் முடிவு உங்கள் பக்கத்து கிளினிக்கின் அலமாரி வரை வந்துவிடுகிறது. ஆனால் பொருள் இல்லாதது மட்டும் காரணம் இல்லை. வளரும் நாடுகளில் ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்டால், கிடைக்கவில்லை என்பவர்களைவிடப் பக்க விளைவுக்குப் பயந்தவர்களும் 'எப்போதாவதுதானே சேர்ந்திருக்கிறோம்' என்பவர்களும் அதிகம். உங்கள் கடிதத்தில் இந்த இரண்டுமே இருக்கின்றன. கேட்டதற்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் ஒரு நர்ஸ் இருந்திருந்தால் நீங்கள் எனக்கு எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது. ஸ்டாக் வந்தால், ஒன்றுக்கு மேற்பட்ட ஊசிகளைக் கையில் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

நான் சொல்வது

கர்ப்பம் இல்லை என்று உறுதியாகி, இதயமும் ரத்த அழுத்தமும் சரியாக இருந்தால், உங்களுக்கு நான் முதலில் சொல்வது ஊசி. தோலடி ஊசி கிடைக்காவிட்டால் பழைய தசை ஊசியே போதும். பால் கொடுக்கும் காலத்தில் மாதவிலக்கு முன்னே பின்னே ஆவது சகஜம் என்பதால், கசிவைக் கண்டு வீட்டில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஊசி முழுப் பலன் தர ஏழு நாள் ஆகும். உங்களுக்கு மூன்று வாரம் இருக்கிறது. இந்த வாரமே போய்விடுங்கள்.

ஊசித் தேதி குறித்த கார்டைக் கிளினிக்கிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நினைவூட்டும் குறுஞ்செய்தி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தோழியின் எண்ணைக் கொடுங்கள். அடுத்த ஊசித் தேதியை அவளும் குறித்துக்கொள்ளட்டும். நான்கு வாரம் வரை தாமதமானாலும் போடலாம், ஆனால் அதை வழக்கமாக்க வேண்டாம். வீட்டில் போட்டுக்கொள்வதாக இருந்தால் பாக்கி ஊசிகளும் போட்ட ஊசிகளும் அவள் வீட்டில் இருக்கட்டும். போட்டதைக் கெட்டியான மூடி போட்ட டப்பாவில் குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்து, கிளினிக்கில் கொடுத்துவிடலாம்.

கணவரிடம் பேச முடியுமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். ரகசியத்தை வருடக்கணக்கில் சுமப்பது கஷ்டம். "இன்னொரு பிரசவத்தை இவர் உடம்பு இப்போது தாங்காது, இரண்டு வருடமாவது இடைவெளி வேண்டும்" என்று உங்கள் டாக்டரே அவரிடம் சொல்லலாம். அது முழு உண்மையும்கூட. நீங்கள் ஊசி போட்டிருப்பதை டாக்டர் சொல்லத் தேவையில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் அந்தப் பேச்சே வீட்டில் அடியாக முடியும் என்று உங்களுக்குத் தோன்றினால், அதை விட்டுவிடுங்கள். உங்கள் கணவரை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. மறுபடி கை ஓங்கினால் அன்றிரவு எங்கே போவது என்பதையும் தோழியிடம் இப்போதே பேசி வையுங்கள்.

ஊசி போடுவதற்கு முன்பே அவர் வந்துவிட்டால், அவசரக் கருத்தடை மாத்திரையை உறவுக்குப் பிறகு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், மூன்று நாளுக்குள் போடுங்கள். அது தங்கிய கருவைக் கலைக்காது, கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும். பால் கொடுக்கிறேன் என்று சொல்லி லெவோநார்ஜெஸ்ட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரத்துக்குள் துணி நனைந்துபோகும் அளவுக்கு ரத்தம் போனாலோ, படுத்தாலும் மூச்சு வாங்கினாலோ, கால் வீங்கினாலோ, ஊசியா வேறு எதுவா என்று யோசித்துக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.